ஒரே குழாய், இரண்டு விலை

சித்தன்னவாசல் மலை பெரிய உயரமில்லை. எழுபது மீட்டர் இருக்கலாம். நீளம் மட்டும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மொட்டைப் பாறையாகக் கிடக்கிறது. பாறைக்குத் தண்ணீர் குடிக்கத் தெரியாது. அரை மணி நேரம் அடித்துப் பெய்தால் அவ்வளவும் வழிந்து கீழே வந்துவிடும். புதுக்கோட்டைச் சீமையில் வற்றாத ஆறு கிடையாது. வெள்ளாறு என்று ஒன்று உண்டு. மழை பெய்த சில நாளைக்கு ஆறு, மற்ற நாளில் மணல். அதனால் பாறையும் மேடும் வழியவிடுவதை மண்கரை போட்டு மடக்கியவர்கள்தான் இங்கே பிழைத்தார்கள். மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கில் குளமும் கண்மாயும் ஏந்தலும் இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மலையின் மேற்குச் சரிவில் இருக்கும் அறிவர் கோயில் விதானத்தில் தீட்டிய தாமரைக் குளத்தைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். அந்தக் குளத்தில் யானை இறங்குகிறது, எருமை இறங்குகிறது, மீனும் அன்னமும் இருக்கின்றன, பூப்பறிக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் விரட்டுவதாகத் தெரியவில்லை. கீழே ஊருக்குள் இருந்த உண்மையான குளத்தில் அப்படி நடந்திருக்க வாய்ப்பே இல்லை. எருமை இறங்குகிற இடத்தில் குடம் இறங்காது.

இந்தப் பக்கத்து வழக்கப்படி ஊருணி குடிக்க, கண்மாய் வயலுக்கு. ஊருணிக் கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்க வேண்டும். மாட்டை ஓட்டி வரக் கூடாது, துணி துவைக்கக் கூடாது. சில ஊர்களில் காவலுக்கு ஆள் வைத்து, அவருக்கு ஊர்ப் பொதுவில் சம்பளமும் கொடுத்தார்கள். மாடு குளிப்பாட்ட, துணி வெளுக்க, பானைக்கு மண்ணெடுக்க, மீன் பிடிக்க எல்லாவற்றுக்கும் கண்மாய். இன்றைக்குக் குடிநீர் இணைப்புக்கு விண்ணப்பம் எழுதினால் ‘வீட்டு உபயோகமா, வணிக உபயோகமா’ என்று கேட்கிறார்களே, அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு அப்போது மண்ணால் போட்ட கரையாக இருந்தது.

அந்தக் கரை தொழிலை மட்டும் பிரித்தது என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடவும் முடியாது. சாதியையும் பிரித்தது. எந்தத் துறையில் யார் இறங்கலாம் என்பதை ஊர்க்கட்டுப்பாடு முடிவு செய்தது. குழாய் வந்தால் அது ஒழியும் என்று நம்பினார்கள். சித்தன்னவாசல் இருக்கும் இதே அன்னவாசல் ஒன்றியத்தில், வேங்கைவயலில், 2022 டிசம்பரில் பட்டியல் சாதி மக்களின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது. தண்ணீர்க் கட்டணத்தின் கதையை எழுதும்போது இதையும் ஓரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டணம் என்று பார்த்தால், கண்மாய்த் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சியவர் பெரும்பாலும் உழைப்பாகவும் நெல்லாகவும் கொடுத்தார். குடிமராமத்து என்பது ஊரார் கூடிக் கரையை உயர்த்துவதும் வரத்துக்கால் தூர் எடுப்பதும். மடையைத் திறந்து முறை பிரித்துவிடும் நீர்பாய்ச்சிக்குக் களத்தில் நெல் அளந்தார்கள். அவர் வேலை லேசானதல்ல. புதுக்கோட்டைப் பக்கத்துப் பழைய கண்மாய்களில் கரையிலிருந்து சற்று உள்ளே இரண்டு கல்தூண்கள் நிற்பதைப் பார்க்கலாம்; அதுதான் குமிழித்தூம்பு. தூண்களுக்கு நேர் கீழே தரையில் ஒரு கல்தொட்டி. தொட்டியின் மேல்பலகையில் பெரிய துளை, அது நீரோடித் துளை. பக்கவாட்டில் அடியை ஒட்டிச் சின்னத் துளைகள், அவை சேறோடித் துளைகள். நீரோடித் துளையை ஒரு கல்லடைப்பு மூடியிருக்கும். கண்மாய் நிறைந்து நிற்கும்போது முங்கிப் போய் அதைத் தூக்க வேண்டும். தூக்கியதும் தண்ணீர் இழுக்கும் வேகத்தில் அடிச்சேறும் சின்னத் துளை வழியே சேர்ந்து வயலுக்குப் போகும். இந்தத் தூண்களில் கட்டிக்கொடுத்தவர் பெயரைக் கல்வெட்டாகப் பொறித்திருக்கிறார்கள். தண்ணீர் எத்தனை படி போனது என்று பொறித்தவர் யாருமில்லை. தண்ணீரை அளக்காமல், நேரத்தையும் முறையையும் அளந்த காலம் அது.

தொழிலுக்கு வந்தால் கதை வேறு. சோழர் காலச் செப்பேடுகள், ஒரு ஊரைத் தானமாகக் கொடுக்கும்போது அந்த ஊரிலிருந்து வரும் வரிகளை வரிசையாகச் சொல்லும். அந்த வரிசையில் தறிக்கு வரி, தட்டாருக்கு வரி, தரகுக்கு வரி என்று போய்க்கொண்டிருக்கும்போது இடையில் நீர்க்கூலி வரும்; வண்ணாரப்பாறையும் வரும். வண்ணாரப்பாறை என்றால் துணி வெளுப்பவர் அடித்துத் துவைக்கும் கல்லுக்கான வரி. அன்றைக்குச் சோறு பொங்கத் தண்ணீர் எடுத்தவருக்கு இந்தப் பட்டியலில் வரி இல்லை. ஊரார் துணியைக் கூலிக்கு வெளுத்தவருக்கு இருந்தது. அவர் எத்தனை உருப்படி வெளுத்தார் என்று எவரும் எண்ணவில்லை. துறையில் கல் கிடந்தால் வரி. கண்மாயில் மீன் பிடிக்கும் குத்தகையும் இந்த வகைதான், அது இன்றும் ஏலத்தில் நடக்கிறது. தமிழ்நாட்டில் தண்ணீரால் பிழைப்பு நடத்துபவரிடம் தனியாகக் காசு வாங்கிய வழக்கத்துக்கு நமக்குத் தெரிந்த பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று இந்த வரிப் பட்டியல் என்று எனக்குத் தோன்றுகிறது. சாயப்பட்டறை, ஓட்டல், லாட்ஜ் எல்லாவற்றுக்கும் மூத்த வணிக வாடிக்கையாளர் அந்தச் சலவைக்காரர். ஊரிலேயே ஏழையும் அவர்தான் என்பதைச் செப்பேடு சொல்லாது.

இப்படிக் கரையும் கல்லும் பிரித்துவைத்திருந்ததைக் குழாய் வந்து கலைத்தது. குடிக்கும் தண்ணீரும் குதிரை கழுவும் தண்ணீரும் ஒரே இரும்புக் குழாயில் வர ஆரம்பித்தால் எதை வைத்துப் பிரிப்பது? இந்தக் கேள்வியை முதலில் நேருக்கு நேர் சந்தித்தது தொழிற்புரட்சிக் கால இங்கிலாந்து. அங்கே தண்ணீர்க் கம்பெனிகள் வீட்டுக்கு வீடு குழாய் இழுத்தன. வீட்டின் மதிப்பைப் பார்த்து ஆண்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தன. அதே வீட்டுக்காரர் பின்கட்டில் வாடகைக் குதிரை லாயம் நடத்தினால்? 1847-ல் தண்ணீர்க் கம்பெனிகளுக்குப் பொதுவாக ஒரு சட்டம் போட்டார்கள். 1863-ல் அதற்கு ஒரு துணைச் சட்டம் வந்தது. வீட்டு உபயோகம் என்றால் என்ன என்று அது சொல்லவில்லை, எது வீட்டு உபயோகம் ஆகாது என்று சொன்னது. மாட்டுக்கும், விற்கவோ வாடகைக்கு விடவோ வைத்திருக்கும் குதிரைக்கும் காட்டும் தண்ணீர், வாடகை வண்டி கழுவும் தண்ணீர், தொழிலுக்கும் வியாபாரத்துக்கும் போகும் தண்ணீர், தோட்டத்துக்கும் அலங்கார நீரூற்றுக்கும் போகும் தண்ணீர் ஆகியவை வீட்டுக் கணக்கில் சேராது. சொந்தக் குதிரை என்றால் சேரும். ஒரே வாளி, ஒரே குதிரை. வாடகைக்கு ஓடினால் வேறு விலை.

அளப்பதற்கு ஒரு கருவியும் அதற்குள் கிடைத்திருந்தது. வில்லியம் சீமன்ஸ் என்ற பொறியாளர் 1851 வாக்கில் இங்கிலாந்தில் செய்த நீர்மானி நன்றாக விற்றது. அதனால் வீட்டுக்கு வரி, தொழிலுக்கு மீட்டர் என்று இரண்டாகப் பிரிந்தது. தொழிலுக்கு விற்கப்பட்டபோதுதான் குழாய்த் தண்ணீர் அளந்து விற்கும் சரக்காக மாறியது.

இந்த ஏற்பாடு கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. செங்குன்றத்து ஏரித் தண்ணீர் 1872-ல் நகரத்துக்கு வந்தது. கீழ்ப்பாக்கத்து வடிகட்டும் நிலையத்தை 1914-ல் திறந்தார்கள். 1919-ல் சென்னைக்கு மாநகராட்சிச் சட்டமும் அடுத்த ஆண்டு மற்ற ஊர்களுக்கு மாவட்ட நகராட்சிகள் சட்டமும் வந்தபோது, இங்கிலாந்துச் சட்டத்தின் அந்தப் பட்டியல் ஏறக்குறைய அப்படியே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்குக் கொடுப்பது கடமை. தொழிலுக்குக் கொடுப்பது மிச்சமிருந்தால், நகர்மன்றம் சொல்லும் விலைக்கு. ஜட்கா வண்டிக்காரர்கள் மறைந்துபோனார்கள். காரும் வேனும் கழுவிவிடும் வாட்டர் சர்வீஸ்காரருக்கு இன்று போடும் வணிகக் கட்டணத்தில் அந்தக் குதிரை இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். திவான் சேஷையா சாஸ்திரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நகரத்துக் குளங்களைத் தூர்வாரிக் குடிநீருக்கு ஒழுங்கு செய்தது இங்கே பெரிய பெயர். 1948 மார்ச் 3-ல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபிறகு சென்னை மாகாணத்து விதிகளே இங்கும் என்றாயிற்று. பிறகு 1971-ல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் வந்தது, 1978-ல் சென்னைக்கென்று தனி வாரியம் வந்தது. கிராமம், நகரம் எதுவானாலும் தொலைவிலிருக்கும் ஆற்றிலிருந்து குழாய் போட்டு இழுத்துவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டக் காலம் அத்தோடு தொடங்கியது. திருச்சியில் காவிரியிலிருந்து எடுத்துப் புதுக்கோட்டை, சிவகங்கை வழியாக இராமநாதபுரம் வரைக்கும் போகும் திட்டம் 2009-ல் முடிந்தது. ஊருணி வற்றினால் காவிரி என்று இந்தச் சீமைக்காரர்கள் பேச ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான்.

இந்தக் காவிரித் திட்டத்துக்கு முன்னாலேயே ஆலைகளுக்கென்று ஒரு பெரிய குழாய் போட்டாகிவிட்டது. தூத்துக்குடியில் 1970-களில் உரத் தொழிற்சாலை, அனல்மின் நிலையம் என்று வரிசையாக வந்தபோது, தாமிரபரணியின் கடைசி அணையான திருவைகுண்டத்திலிருந்து நாளுக்கு 2 கோடி கேலன், அதாவது சுமார் 9 கோடி லிட்டர், எடுத்துக்கொடுக்கத் திட்டம் போட்டார்கள். 20 எம்.ஜி.டி. திட்டம் என்றால் அந்த ஊரில் சின்னப் பையனுக்கும் தெரியும். கடைமடை உழவர்கள் இன்றுவரை அதோடு மல்லுக்கட்டுகிறார்கள். அதே ஆற்றின் தண்ணீர் கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டை வழியாகக் குளிர்பான ஆலைகளுக்கு ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 காசு என்று போனது 2016-ல் பெரிய விவகாரம் ஆயிற்று. லிட்டருக்கு நாலு காசு கூட வரவில்லையே என்று டீக்கடையில் கணக்குப் போட்டார்கள். மதுரை உயர்நீதிமன்றக் கிளை நவம்பரில் இடைக்காலத் தடை போட்டது; 2017 மார்ச்சில் வழக்கு தள்ளுபடி ஆனது. வணிகர் சங்கங்கள் அந்த மார்ச் முதல் தேதியிலிருந்து வெளிநாட்டுக் குளிர்பானம் விற்கமாட்டோம் என்று அறிவித்தன. ஆயிரம் லிட்டர் விலையை லிட்டர் விலையாக மாற்றிப் பார்த்தால் உலகத்தில் எந்தக் குழாய்த் தண்ணீரும் மலிவாகத்தான் தெரியும். பாட்டில் விலையோடு ஒப்பிட்டபோது கோபம் வந்ததில் தப்பில்லை, ஆனால் அங்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: அந்த 37.50 யாருடைய செலவை ஈடுகட்டியது, வேறு எந்த வீட்டுக் குழாய்க்குக் கைகொடுத்தது? ஆலைக்கான விலையைத் தனியாக எழுதிவைத்தால் அது சும்மா ஒரு எண். வீட்டு விலையோடு சேர்த்து எழுதினால்தான் அதற்கு உயிர் வரும்.

அப்படிச் சேர்த்து எழுதிய ஊர் திருப்பூர்.

1980-களில் பனியன் ஏற்றுமதி வீங்கியது. பனியனுக்குச் சாயம் வேண்டும், சாயத்துக்குத் தண்ணீர் வேண்டும். பழைய வின்ச் இயந்திரத்தில் ஒரு கிலோ துணியை வெளுத்துச் சாயமேற்றி அலசி எடுக்க நூறு லிட்டர் வரை ஆகும். நொய்யல் கெட்டுப்போனது, கிணற்றுத் தண்ணீர் உப்பானது. உப்புத் தண்ணீரில் ஷேடு நிற்காது. நேற்றுப் போட்ட சிவப்பும் இன்று போட்ட சிவப்பும் ஒத்துப்போகாவிட்டால் வெளிநாட்டுக்காரர் ஆர்டரைத் திருப்பிவிடுவார். அதனால் லாரி. சுற்றுக் கிராமங்களின் தோட்டத்துக் கிணறுகளிலிருந்து ராத்திரி பகலாக லாரி ஓடியது. லோடு இவ்வளவு என்று விலை. தோட்டக்காரர் மஞ்சளும் கரும்பும் போடுவதை நிறுத்திவிட்டுத் தண்ணீரையே அறுவடை செய்தார். நகரத்து வீடுகளுக்கோ சில நாளுக்கு ஒருமுறைதான் நகராட்சிக் குழாய் திறந்தது.

அரசாங்கத்திடம் பணமில்லை. ஏற்றுமதியாளர் சங்கத்திடம் அவசரம் இருந்தது. 1990-களின் நடுவில் மாநில அரசின் தொழில் கட்டமைப்புக் கழகம், ஐஎல்எஃப்எஸ் என்ற நிதி நிறுவனம், ஏற்றுமதியாளர்கள் மூவரும் சேர்ந்து யோசித்ததில் 1995-ல் புதிய திருப்பூர் வட்டார வளர்ச்சிக் கழகம் என்ற கம்பெனி பிறந்தது. தண்ணீருக்காக இந்தியாவில் இப்படி ஒரு தனியார் கூட்டுக் கம்பெனி தொடங்கியதில் இதுதான் முன்னோடி. 2000 பிப்ரவரியில் மாநில அரசும் திருப்பூர் நகராட்சியும் அதனோடு முப்பது ஆண்டு ஒப்பந்தம் போட்டன. பவானி பக்கத்தில் காவிரியில் எடுத்து, ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் கொண்டுவந்து, நாளுக்கு 18.5 கோடி லிட்டர் கொடுப்பது திட்டம். செலவு 1,023 கோடி ரூபாய். கடன்காரர்களைச் சேர்த்து முடிக்கவே ஏழெட்டு வருஷம் ஓடியது. மகிந்திரா, பிரிட்டனின் யுனைடெட் யுடிலிட்டீஸ் ஆகியவை கட்டுமானத்திலும் பராமரிப்பிலும் வந்தன. 2005-ல் தண்ணீர் வர ஆரம்பித்தது.

அப்போதைய விலைப்பட்டியலைப் பாருங்கள். ஆயிரம் லிட்டருக்குச் சாயப்பட்டறைக்கு 45 ரூபாய். திருப்பூர் நகராட்சிக்கு 5 ரூபாய். குழாய் போகிற வழியில் இருக்கும் கிராமங்களுக்கு 3 ரூபாய் 50 காசு. ஒரே காவிரி, ஒரே குழாய், ஒரே சுத்திகரிப்பு. விலை மட்டும் பன்னிரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இந்தத் திட்டத்தின் முதுகெலும்பு தெரியும். திட்டப்படி சுமார் 12.5 கோடி லிட்டர் தொழிலுக்கு, 2.5 கோடி நகராட்சிக்கு, 3.5 கோடி கிராமங்களுக்கு. முழுக்க விற்றால் பட்டறைகளிடமிருந்து நாளுக்கு 56 லட்சத்துக்கு மேல் வரும். நகராட்சியிடமிருந்து ஒன்றேகால் லட்சம். கிராமங்களிடமிருந்து அதைவிடச் சற்றுக் குறைவு. தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கை வாங்குகிற தொழில், பணத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் கொடுக்கிறது. பட்டறை முதலாளிகள் ஏன் ஒப்புக்கொண்டார்கள்? லாரிக்காரருக்கு ஏற்கெனவே அதற்குப் பக்கத்தில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். லாரித் தண்ணீர் ஒரு நாள் நல்லது, ஒரு நாள் உப்பு. காவிரித் தண்ணீரில் ஷேடு நிற்கும். கிலோ துணிக்கு நாலரை ரூபாய் தண்ணீர்ச் செலவு என்பது ஏற்றுமதி விலையில் கரைந்துபோகும் தொகைதான். ஐரோப்பாவில் யாரோ வாங்கிய டி-சட்டையின் விலையில் கொஞ்சம், அவிநாசி பக்கத்துக் கிராமத்தில் ஒருவர் குடிக்கிற குடத்துக்குப் போயிற்று. வண்ணாரப்பாறைக்குப் பிறகு, துணி வெளுக்கிற தண்ணீர்தான் மறுபடியும் ஊர்ச் செலவைத் தாங்க வந்தது.

இந்த ஏற்பாட்டை அன்று மெச்சாத பொருளாதார நிபுணர் குறைவு. ஏழைக்கு மலிவு, தொழிலுக்குத் தரம், அரசுக்குச் செலவு மிச்சம். எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. வீட்டுக் குழாயை ஆலையின் தாகத்தில் கட்டிப்போட்டால், ஆலைக்குத் தாகம் தீர்ந்த நாளில் என்ன செய்வது? ஆலை நிறையத் தண்ணீர் செலவழித்தால்தான் வீட்டுக்கு மலிவு என்றால், சிக்கனம் செய்கிற ஆலை வீட்டுக்கு எதிரி ஆகிவிடாதா?

இதற்குப் பதில் சொல்ல ஆறு வருஷம்தான் ஆயிற்று. நாளுக்கு இத்தனை கோடி லிட்டர் உள்ளே வந்தால், அத்தனையும் சாயமும் உப்புமாக வெளியே போக வேண்டும். போனது நொய்யலில். பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாக மாறியது; அணைத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று உழவர்களே கேட்கிற விசித்திரம் அங்கே நடந்தது. நொய்யல் ஆயக்கட்டு உழவர்கள் வழக்குப் போட்டார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்று 2006-ல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. 2009-ல் உச்சநீதிமன்றம் கெடு வைத்தது. கெடு தாண்டியது. 2011 ஜனவரி 28 அன்று உயர்நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லிவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. மின் இணைப்பும் துண்டிக்கப்பட்டது.

தண்ணீர்க் கம்பெனிக்கு விழுந்தது இரட்டை அடி. வருமானத்தில் தொண்ணூற்றைந்து சதவீதம் கொடுக்க வேண்டிய வாடிக்கையாளர் ஒரே நாளில் வாங்குவதை நிறுத்தினார். மாநில அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்துப் பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தபோது, அவை பழைய பட்டறைகளாக இல்லை. சவ்வு வைத்துப் பிழிந்து, கொதிக்கவைத்து ஆவியாக்கி, போட்ட தண்ணீரில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். உப்பைக்கூடத் திரும்ப எடுத்தார்கள். புதிதாக வேண்டியது இழந்த கொஞ்சம்தான். சுற்றுச்சூழலுக்கு இது நல்ல செய்தி. காவிரியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் குழாய் போட்டுக் கடனோடு உட்கார்ந்திருந்த கம்பெனிக்கு வாடிக்கையாளர் திரும்பி வந்தும் வியாபாரம் திரும்பவில்லை. கடனைத் திருத்தி எழுத வேண்டி வந்தது. முதலில் இந்த யோசனையைத் தூக்கிச் சுமந்த ஐஎல்எஃப்எஸ்ஸே 2018-ல் கவிழ்ந்தது வேறு கதை. குழாய் மட்டும் வீணாகவில்லை. தொழிலுக்கென்று போட்டதில் வீட்டுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது, திருப்பூர்க்காரர்கள் அதை மூன்றாம் குடிநீர்த் திட்டம் என்கிறார்கள். அந்த மலிவு விலையைத் தாங்குவதற்குத்தான் முன்போல ஆளில்லை.

ஆக, அதிக விலை போட்டால் தொழில் சும்மா இருக்காது. மூன்றில் ஒன்றைச் செய்யும்: சிக்கனம் செய்யும், மறுசுழற்சி செய்யும், இல்லாவிட்டால் போர் போடும். மூன்றாவதுதான் தமிழ்நாட்டில் சுலபமானது. குழாய்த் தண்ணீருக்கு மீட்டரும் வணிகக் கட்டணமும் உண்டு. நூறு அடி தள்ளி ஆழ்துளைக் கிணறு போட்டால் மோட்டாருக்கு மின்கட்டணம் மட்டும். நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்த 2003-ல் சட்டம் கொண்டுவந்து, நடைமுறைக்கே விடாமல் 2013-ல் ரத்து செய்தார்கள். வாரியம் என்ன விலை வைத்தாலும் அதன் உண்மையான போட்டியாளர் அந்த போர்தான்.

சித்தன்னவாசல் பக்கத்தில் இன்னொரு வகையும் உண்டு. அன்னவாசல், கீரனூர் என்று எந்தப் பக்கம் போனாலும் சாலையோரம் வரிசை பிடித்து நிற்கும் தைலமரக் காடு காகித ஆலைக்குக் கூழ்மரம். இந்த மரங்களுக்காக மேட்டில் வரப்பு வெட்டி மழைநீரைத் தேக்கிக்கொள்கிறார்கள், அதனால் கண்மாய்க்கு வாரித் தண்ணீர் வருவதில்லை என்று உழவர்கள் பல ஆண்டுகளாகப் புகார் சொல்கிறார்கள். கண்மாய்க்கு வர வேண்டிய தண்ணீரைத் தொழிலுக்கான பயிர் வழியிலேயே எடுத்துக்கொள்கிறது என்றால், அதுவும் ஒரு தொழில் இணைப்புத்தான். இதற்கு மீட்டர் கிடையாது, பில் கிடையாது. நீர்க்கூலி வாங்கிய சோழ அதிகாரி வந்தால் முதலில் இங்கேதான் ஓலையை விரிப்பார்.

சென்னை வேறொரு வழியில் போயிருக்கிறது. அங்கே வணிகக் கட்டணத்திலேயே, தண்ணீரை அதிகம் இழுக்கிற ஓட்டல், லாட்ஜ், மருத்துவமனை வகையறாவைத் தனியாகப் பிரித்துக் கூடுதல் விலை வைத்திருக்கிறார்கள். அதைவிடச் சுவாரசியமானது மணலி. 1990-களின் தொடக்கத்தில் தண்ணீர்ப் பஞ்சம் நெருக்கியபோது, அங்கிருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் மெட்ராஸ் உர ஆலையும் கொடுங்கையூரில் பாதி சுத்தம் செய்த சாக்கடை நீரை வாரியத்திடமிருந்து காசு கொடுத்து வாங்கி, தங்கள் வளாகத்தில் மறுபடி வடித்துக் குளிரூட்டும் கோபுரத்துக்குப் பயன்படுத்த ஆரம்பித்தன. நாட்டிலேயே முன்கூட்டி எடுத்த முடிவு அது, பஞ்சம் தள்ளிவிட்ட முடிவும்கூட. 2019-ல் வாரியமே கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் சவ்வு வடிகட்டும் நிலையங்களைக் கட்டியது. கோயம்பேட்டுத் தண்ணீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்குக் குழாயில் போகிறது.

இந்த ஏற்பாட்டில் திருப்பூரின் சிக்கல் பாதி அவிழ்கிறது. ஆலை வாங்குவதை நிறுத்தினாலும் அண்ணாநகரில் யாரும் குளிப்பதை நிறுத்தப்போவதில்லை. கழிவுநீரைச் சுத்தம் செய்கிற வேலை எப்படியும் வாரியத்தின் தலையில்தான். ஆலை கொடுப்பது அந்தச் செலவில் ஒரு பங்கு, குடிநீர் மலிவாக இருப்பது அதை நம்பி இல்லை. வீட்டுக்காரரிடம் தண்ணீர் வரும்போது ஒரு கட்டணம், அதே தண்ணீர் கழிவாகப் போகும்போது இன்னொரு கட்டணம் வாங்கியாகிவிட்டது. அதைச் சுத்தம் செய்து ஒரகடத்துக் கார் ஆலைக்கு மூன்றாவது தடவை விற்கிறார்கள். வாரியத்துக்கு இப்போது கவலையெல்லாம் அந்தத் தொழிற்பேட்டைகளுக்குள் எத்தனை போர் ஓடுகிறது என்பதுதான்.